அமாவாசையில் பார்த்த தெரு

புவனேஸ்வரி கவுன்சிலர் ஆனது அவள் கேட்டு நடந்த காரியம் இல்லை. காஞ்சிபுரம் வேலாத்தம்மன் கோயில் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் அவள் தறியில்தான் உட்கார்ந்திருந்தாள். அரசியல் எல்லாம் அவள் கணவர் குமரகுருவின் வேலை. கட்சிக்குக் கொடி கட்டி, போஸ்டர் ஒட்டி, கூட்டத்துக்கு ஆள் சேர்த்து, அடுத்த மாநகராட்சித் தேர்தலில் தனக்குத்தான் சீட்டு என்று புதிதாக வெள்ளைச் சட்டைகூடத் தைத்து வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள்.

செய்தி வந்த சாயங்காலம் குமரகுரு தறிக்குழி ஓரமாக வந்து நின்றார்.

"புவனா, உன் ஆதார் கார்டு எங்க இருக்குது?"

"பீரோவுல. எதுக்கு?"

"நீ எலக்‌ஷன்ல நிக்கிற."

குறுக்கிழையை ஓட்டுகிற நாடாக்கட்டை அவள் கையில் அப்படியே நின்றது. "நான் நின்னா இந்தப் பொடவைய யாரு முடிக்கிறது? தை மாசக் கல்யாணத்துக்குக் கேட்டிருக்காங்க."

"பேருக்கு நின்னா போதும்மா. மீதிய நான் பாத்துக்கிறேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. போஸ்டரில் அவர் படம் பெரிதாகவும் அவள் படம் சிறிதாகவும் இருந்தன. அந்தச் சிறிய படமும் ரேஷன் கார்டுக்காக எடுத்தது. யாரோ திட்டியதைக் கேட்டுக்கொண்டிருப்பவள் மாதிரி அதில் இருப்பாள்.

ஓட்டு கேட்கப் போனபோதுதான் அவள் முதல்முறையாக ஓடைக்கரைக்குள் முழுதாக நடந்தாள். வேலாத்தம்மன் கோயில் தெரு மெயின் ரோட்டில் தொடங்கி, நெசவுக்காரர் வீடுகள் வழியாக வளைந்து போய், ஓடைக்கரையில் முடிகிறது. ஓடைக்கரை ஆட்களின் தாத்தாக்கள் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். இப்போது அங்கே மேஸ்திரி உண்டு, நர்ஸ் உண்டு, பெயிண்டர் உண்டு, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனிகளுக்குப் போகிற பெண்கள் நிறைய உண்டு. மாரியம்மன் கோயிலும் சின்ன சர்ச்சும் எதிரெதிராக நிற்கின்றன. நெசவுத் தெரு வழியாகத்தான் அவர்கள் எல்லோரும் வெளியே போக வேண்டும். ஆனால் நெசவுத் தெருக்காரர்களுக்கு அந்தப் பக்கம் போக எந்த வேலையும் இருந்ததில்லை.

அங்கே கிரேஸ் என்ற பெண் அவளை வாசலிலேயே நிறுத்தினாள். செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். வாய் துடுக்கு.

"அக்கா, ஓட்டு போடறோம். இன்னா செய்வீங்க?"

புவனேஸ்வரிக்குக் கணவர் சொல்லிக்கொடுத்த பதில் மறந்துவிட்டது. "உங்களுக்கு இன்னா வேணும்?" என்று கேட்டாள்.

அப்போது கிரேஸின் அம்மா சம்பூர்ணம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இரண்டு முழங்காலும் வீங்கி இருந்தன. "பேசிக்கினே வாங்க," என்று கிரேஸ் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். புவனேஸ்வரியும் கூடவே நடந்தாள். மெயின் ரோடு போய்ச் சேர்வதற்குள் சம்பூர்ணம் மூன்று இடத்தில் உட்கார்ந்தார். ஷேர் ஆட்டோ எதுவும் அந்தச் சந்துக்குள் வராது. பஸ் ஸ்டாண்டிலிருந்து கம்பெனி வண்டியைப் பிடிக்கிற பெண்கள் பொழுது விடிந்ததும் இந்த வழியில் ஓடுவதைப் புவனேஸ்வரி தினமும் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். எதற்கு ஓடுகிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"பஸ்ஸு வேணும்கா," என்றாள் கிரேஸ். "வரலன்னா அம்மாவ இட்டாந்து உங்க வூட்டு வாசல்ல உக்கார வச்சிருவேன். தெனம் காபி நீங்கதான் போடணும்."

"கொண்டாந்து உட்டுருவேன்," என்று சொல்லிவிட்டாள் புவனேஸ்வரி.

அந்த ஒரு வார்த்தைதான் அவளை மாற்றியது. ஜெயித்த பிறகு, முதல் கூட்டத்தில் பேசாமல் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வந்தால் போதும் என்று குமரகுரு சொல்லி அனுப்பினார். அவள் எழுந்து நின்றாள். "எங்க தெருவுல ஒரு கம்பம் இருக்குது," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மன்றம் சிரித்தது.

ஆனால் அது உண்மையிலேயே ஒரு கம்பத்தின் பிரச்சினைதான். அரசு புதிய மினி பஸ் வழித்தடங்களுக்கு அனுமதி கொடுத்துக்கொண்டிருந்த சமயம் அது. இந்தத் தெருவுக்கும் ஒன்று கேட்டால், வளைவில் நடு ரோட்டில் மின்கம்பம் நிற்கிறது, வண்டி திரும்பாது என்றார்கள் போக்குவரத்துக்காரர்கள். கம்பத்தை மாற்றச் சொன்னால், கம்பிகளும் தாழ்வாக இருக்கின்றன, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் செய்ய முடியும், மாநகராட்சி முடிவெடுத்துச் சொல்லட்டும் என்றார்கள் மின்சாரக்காரர்கள். மாநகராட்சியில் கேட்டால், பஸ் வருவது நிச்சயமானால் பார்க்கலாம் என்றார்கள். மூன்று பேரும் மற்றவரைக் கைகாட்டிக்கொண்டு நின்றார்கள்.

அவள் ஒவ்வொரு கூட்டத்திலும் கம்பத்தைப் பற்றியே பேசினாள். சாக்கடை பற்றி விவாதம் நடந்தாலும் கடைசியில் கம்பத்தில் வந்து முடிப்பாள். மற்ற கவுன்சிலர்கள் அவளைக் 'கம்பத்தம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். குமரகுருவுக்கு இது அவமானமாக இருந்தது.

"டீக்கடையில கேக்கறானுங்க, உன் வூட்டம்மாவுக்குக் கம்பம் கெடச்சிதான்னு. வேற ஏதாச்சும் பேசேன்."

"கம்பத்த எடுத்துட்டா நான் ஏங்க அதப் பத்திப் பேசப் போறேன்?"

மின்சார அலுவலகத்துக்கும் போக்குவரத்து அலுவலகத்துக்கும் அவளே நடந்தாள். ஓர் அலுவலகத்தில் இருக்கிற அதிகாரியை இன்னோர் அலுவலகத்து அதிகாரியோடு தன் போனிலேயே பேச வைத்தாள். "சார், நீங்க ரெண்டு பேரும் பேசிக்கோங்க, நான் வெளிய உக்காந்துக்கிறேன்," என்று போனைக் கொடுத்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்துகொள்வாள். போனைத் திருப்பித் தர வேண்டுமே என்பதற்காகவாவது அவர்கள் ஏதாவது ஒரு முடிவைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. வார்டில் பாதிப் பேர் அவள் கணவருக்கு என்று நினைத்துத்தான் ஓட்டு போட்டிருந்தார்கள். ஒரு வருடம் கழிந்தபோது வேலை ஆக வேண்டியவர்கள் நேராக அவளிடமே வந்தார்கள். குமரகுரு வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடப் பழகிக்கொண்டார்.

கடைசியில் கம்பம் நகர்ந்தது. எந்த நாளில் மின்சாரத்தை நிறுத்தலாம் என்று கேட்டபோது, அவள் யோசிக்காமல் அமாவாசை என்றாள்.

அந்தத் தெருவில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அமாவாசையன்று அங்கே எந்தத் தறியும் ஓடாது. குளித்துவிட்டு, படையல் போட்டுவிட்டு, ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். பேச வேண்டியது, தீர்க்க வேண்டியது, பார்க்க வேண்டியது எல்லாவற்றையும் அந்த நாளுக்குத்தான் தள்ளிவைப்பார்கள். அன்றைக்குக் கரண்ட் நின்றால் யாருக்கும் நஷ்டம் இல்லை. அடுத்த அமாவாசையில் கம்பிகளை உயர்த்திக் கட்டினார்கள். அதற்கடுத்த அமாவாசையில் தெருவை அளந்தார்கள். மினி பஸ்ஸை ஓட்டிப் பார்க்க எந்த நாள் வசதி என்று கேட்டபோதும், தெருவே வாசலில் நின்று பார்க்கட்டும் என்று அமாவாசையையே சொன்னாள்.

பஸ் வந்தது. மெயின் ரோட்டில் திரும்பி, நெசவுத் தெருவுக்குள் நுழைந்து, கம்பம் இருந்த வளைவை ஒரே வீச்சில் கடந்து ஓடைக்கரையில் போய் நின்றது. அதிகாரிகளுக்குத் திருப்தி. "நல்லா ஃப்ரீயா இருக்குதே தெரு," என்றார் ஒருவர். கற்பூரம் கொளுத்திப் பூசணிக்காய் உடைத்தார்கள். ஒரு மாதம் சோதனையாக ஓடட்டும், கடைசியில் ஓர் அதிகாரி அதே பஸ்ஸில் வந்து பார்த்து, சரியாக இருந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வழித்தடம் வேறு பக்கம் போய்விடும் என்று முடிவானது.

முதல் வேலை நாள். விடிந்து சற்று நேரத்தில், டிரைவர் கலைவாணன் ஹார்ன் அடித்துக்கொண்டு தெருவுக்குள் திரும்பினார். திரும்பியவர் பிரேக்கை மிதித்தார்.

தெருவின் நடுவே, இந்த முனையிலிருந்து அந்த வளைவுவரை, மயில் கழுத்து நிறத்தில் பட்டுப் பாவு விரிந்து கிடந்தது.

புடவைக்கு நீளவாக்கில் ஓடுகிற ஆயிரக்கணக்கான இழைகள்தான் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதை இப்படி வெட்டவெளியில் நீட்டி, இரண்டு முனையிலும் முளைக்குச்சியில் இழுத்துக் கட்டி, நடுநடுவே பெருக்கல் குறி போலக் கட்டிய மூங்கில் கால்களில் தாங்கவைத்து, அறுந்த இழைகளை முடிந்து, கஞ்சித்தண்ணீர் தெளித்து, காய்ந்ததும் உருளையில் சுற்ற வேண்டும். தெருவைத் தவிர அவ்வளவு நீளமான இடம் யாருக்கும் கிடையாது. பாதியில் எடுக்கவும் முடியாது. எடுத்தால் இழைகள் சிக்கி, பாவே பாழாகிவிடும். இரண்டு சக்கர வண்டிகள் இத்தனை வருடமும் ஓரமாக ஒதுங்கித்தான் போயின. அமாவாசையில் மட்டும் யாரும் பாவு விரிப்பதில்லை.

பாவுக் குழுவுக்குத் தலைவர் நமச்சிவாயம், குமரகுருவின் பெரியப்பா. பஸ் வருகிறது என்று பூசணிக்காய் உடைத்தவரே அவர்தான். இப்போது கஞ்சிக் கையோடு பஸ்ஸுக்கு முன்னால் வந்து நின்றார்.

"எங்கப்பா வர்ற? இழை காயல இன்னும்."

"தாத்தா, எனக்கு டைமு போட்டுக் குடுத்திருக்காங்க," என்றார் கலைவாணன்.

"எனக்கும்தான் போட்டிருக்குது. வெயில் ஏறினா கஞ்சி மொடமொடன்னு ஆயிரும், இழை பட்டுபட்டுன்னு அறும். அத உங்க ஆபீஸ்ல சொல்லு."

பஸ் அப்படியே பின்னோக்கிப் போய் மெயின் ரோட்டில் நின்றது. ஓடைக்கரைப் பெண்கள் வழக்கம்போல் ஓடிவந்து ஏறினார்கள். கிரேஸ் மட்டும் புவனேஸ்வரியின் வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள்.

"அக்கா, லீவு நாள்ல தெருவ காட்டி ஏமாத்திட்டீங்களே ஆபீசருங்கள."

புவனேஸ்வரி வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளே பாவு விரிக்கிற இடத்தில் பிறந்தவள். அறுந்த இழையை முடிவதற்கு ஏழு வயதிலேயே விரல் பழகியவள். அவள் மறந்தாளா என்றால், மறக்கவும் இல்லை. தெருவே தினமும் பார்க்கிற ஒன்றை யாரும் தனியாக நினைத்துப் பார்க்கவில்லை. பஸ்ஸைப் பற்றிப் பேசியதெல்லாம் அமாவாசை அன்றைக்கு. அமாவாசை அன்றைக்குத் தெரு வெறும் தெருவாகத்தான் இருந்தது.

அந்த வாரம் ஒன்றிரண்டு காலைகளில்தான் பஸ் ஓடைக்கரைவரை போனது. ஓடைக்கரையில், "அவங்க தெருவுல நம்ம பஸ்ஸ உடுவாங்களா?" என்று பேசினார்கள். நெசவுத் தெருவில் ஒருவர், "பஸ்ஸு இன்னா நமக்கா? பின்னாடி இருக்கிறவங்களுக்குத்தானே?" என்றார். இரண்டும் அவள் காதுக்கு வந்தன. இது இப்படியே நீடித்தால் பஸ் போய்விடும் என்பது மட்டும் இல்லை, இனி எந்தக் காலத்திலும் அந்தப் பக்கத்து வாசலில் நின்று ஒரு வார்த்தை கொடுக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் நமச்சிவாயத்தின் வீட்டுக்குப் போனாள்.

"மாமா, பாவ கொஞ்சம் சீக்கிரமா விரிச்சா ஆவாதா? பஸ்ஸு வர்றதுக்குள்ள சுத்திரலாம்."

"ஆவாதுன்னு யாரும்மா சொன்னது? இருட்டுல இழைய யாரு பாக்கறது? நீ நெய்யறவதானே. ஒத்த இழை அறுந்தத பாக்காம சுத்திட்டா தறியில உக்காந்து அழுவறவன் என்னத்தான் திட்டுவான்."

"வெளிச்சம் இருந்தா?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சூரியன முன்னாடியே வரச் சொல்லி உங்க மன்றத்துல தீர்மானம் போடப் போறியா?"

"சூரியன வேணாம் மாமா. லைட்டு போடறேன்."

மாற்றி நட்ட கம்பத்திலும் அடுத்தடுத்த கம்பங்களிலும் தெருவிளக்கு போடுவது எப்படியும் நடக்க வேண்டிய வேலைதான். அவள் அதை முன்னுக்குக் கொண்டுவந்தாள். இந்த முறை மன்றத்தில் பேசும்போது யாரும் சிரிக்கவில்லை. பட்டு நெய்கிற ஊரில், பாவு விரிக்கிற தெருவுக்கு விளக்கு வேண்டும் என்று சொன்னால் எதிர்த்துப் பேச யாருக்கும் ஒன்றும் இல்லை. இன்னும் இரண்டு நெசவு வார்டு கவுன்சிலர்கள் தங்களுக்கும் கேட்டார்கள்.

விளக்கு வந்தது. முதல் நாள் அதுவும் சரிப்படவில்லை. கம்பத்தின் உச்சியிலிருந்து வெள்ளை வெளேர் என்று அடித்த வெளிச்சத்தில் பட்டு மொத்தமாகப் பளபளத்ததே தவிர, தனி இழை தெரியவில்லை. "மூஞ்சியில டார்ச் அடிக்கிற மாதிரி இருக்குது," என்றார் நமச்சிவாயம். குமரகுரு அன்றைக்கு லைன்மேனைத் தேடிப் பிடித்து வந்தார். இரண்டு விளக்குகளைக் கீழே இறக்கிப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார்கள். ஒன்றுக்கு மஞ்சள் தாளைச் சுற்றிப் பார்த்தார்கள். பக்கத்திலிருந்து சாய்வாக விழுந்தபோது இழைகள் தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தன. நமச்சிவாயம் குனிந்து, விரலை ஓட்டி, அறுந்த ஒன்றை எடுத்து முடிந்தார். பிறகு, "நாளைக்கு கோழி கூவறதுக்கு முன்னாடி ஆளுங்கள வரச் சொல்லு," என்று மருமகளிடம் இல்லாமல் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நல்ல காலம். பாவுக்காரர்கள் முன்னதாகவே விரித்தார்கள். பஸ் ஹார்ன் மெயின் ரோட்டில் கேட்கும்போது உருளையில் கடைசிச் சுற்று ஏறிக்கொண்டிருக்கும். சம்பூர்ணம் வீட்டு வாசலிலேயே ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். நெசவுத் தெருப் பெண்களும் கூட்டுறவு சங்கத்துக்குப் போக அதே பஸ்ஸில் ஏறினார்கள். பின்னாடி இருக்கிறவர்களுக்குத்தானே என்று சொன்னவரின் மனைவிதான் எப்போதும் ஜன்னலோர சீட்டைப் பிடித்தாள்.

மாதத்தின் கடைசியில், அதிகாரி வருகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. விடியற்காலையில் விட்டது. அன்று ஒரு பாவை விரித்தே ஆக வேண்டியிருந்தது. தறி காலியாக இருந்தது, முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஈரக் காற்றில் கஞ்சி காயவில்லை. நமச்சிவாயம் தொட்டுத்தொட்டுப் பார்த்தார். விசிறினார்கள். அப்போதும் காயவில்லை.

மெயின் ரோட்டில் ஹார்ன் கேட்டது.

ஓடைக்கரைக்குப் போய்த் திரும்ப வேண்டிய பஸ் வராது என்று தெரிந்து, கம்பெனிப் பெண்கள் முன்போல நடந்தே வந்துகொண்டிருந்தார்கள். கிரேஸ் முன்னால் வந்தாள். அரக்கு நிறப் பாவுக்கு அந்தப் பக்கம் பஸ் நின்றுகொண்டிருந்தது. முன் சீட்டில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். கலைவாணன் ஸ்டியரிங்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு புவனேஸ்வரியைப் பார்த்தார்.

"இன்னா மாமா பண்றது?" என்றாள் அவள்.

"இன்னா பண்றது? காயட்டும். எடுத்தா போச்சு."

"எடுக்க வேணாம். அப்படியே சொவுத்தோரமா நகத்தினா?"

"நகத்தலாம். ஒரு காலு முன்ன பின்ன போனாலும் இழை முறுக்கிக்கும். அத்தன காலையும் ஒண்ணா தூக்கணும். ஒரு காலுக்கு ரெண்டு ஆளு வேணும். நம்ம கிட்ட இருக்கிறது அதுல பாதிகூட இல்ல."

அவர் சொன்னது உண்மைதான். பாவுக்குழு சின்னது, குமரகுருவையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் சேர்த்தாலும் போதாது. புவனேஸ்வரி திரும்பி கிரேஸைப் பார்த்தாள். கேட்கத் தயக்கமாக இருந்தது. அந்தத் தெருவில் பாவை வெளி ஆட்கள் தொட்டதில்லை. தொடக் கூடாது என்று யாரும் சட்டம் போட்டதும் இல்லை. தொடும்படி யாரும் கூப்பிட்டதில்லை, அவ்வளவுதான்.

"கிரேஸு, உங்க ஆளுங்க கொஞ்சம் கை குடுப்பாங்களா?"

கிரேஸ் அவளைப் பார்க்கவில்லை. நமச்சிவாயத்தைப் பார்த்தாள். "தாத்தா சொல்லட்டும்."

பெரியவர் ஈரப் பாவையும் பஸ்ஸையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"வாங்கம்மா. காலுக்கு ரெண்டு பேரு நில்லுங்க. கழுத்துல தொங்குதே கம்பெனி அட்டை, அத ஜாக்கெட்டுக்குள்ள போடுங்க, இழையில மாட்டிக்கும். வளையல மேல ஏத்திக்கோ. ஏய், அந்தப் பொண்ணு, சிரிக்காத, நீ சிரிச்சா மூங்கிலும் ஆடுது."

"தாத்தா, நாங்க கம்பெனியில தலைமுடி தடிமன்ல ஒயர் ஒட்டறோம்," என்றாள் கிரேஸ், மூங்கில் காலைப் பிடித்தபடி.

"ஒட்டறது வேற, தூக்கறது வேற. பேசாம புடி."

பஸ்ஸில் இருந்தவர்களும் இறங்கி வந்தார்கள். முளைகளிலிருந்து கயிற்றை அவிழ்த்து, பலமான ஆட்கள் இரண்டு முனையையும் தளராமல் இழுத்துப் பிடித்தார்கள். நமச்சிவாயம் நடுவில் நின்று குரல் கொடுத்தார். "தூக்கு. மெதுவா. ஒரு எட்டு. நில்லு. இன்னொரு எட்டு." நெசவுத் தெருவும் ஓடைக்கரையும் வரிசையாக நின்று, தெரு நீளத்துக்குக் கிடந்த ஈரப் பட்டைத் தூக்கிக்கொண்டு, ஒன்றாகக் காலெடுத்து வைத்துச் சுவரை நோக்கி நகர்ந்தன. ஓரத்தில் திறந்த கால்வாய். கடைசி எட்டில் தங்கள் ஒரு காலைக் கால்வாய்க்கு இந்தப் பக்கமும் ஒரு காலை அந்தப் பக்கமும் வைத்து எல்லோரும் அகட்டி நின்றார்கள்.

கலைவாணன் பஸ்ஸை நகர்த்தினார். நடந்து போகிறவன்கூட முந்திவிடலாம், அவ்வளவு மெதுவாக. பஸ்ஸின் பக்கவாட்டுக்கும் பாவுக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. காற்றில் இழைகள் லேசாக நடுங்கின. புவனேஸ்வரி தன் மூங்கில் காலை இறுகப் பிடித்துக்கொண்டாள். எதிரே அதே காலின் அடுத்த பக்கத்தைக் கிரேஸ் பிடித்திருந்தாள். பஸ் கடந்து, வளைவில் திரும்பி, ஓடைக்கரைப் பக்கம் போனது.

அதிகாரி வளைவிலேயே இறங்கித் திரும்பி நடந்து வந்தார். இன்னும் யாரும் மூங்கில் காலைக் கீழே வைத்திருக்கவில்லை.

"தெனம் இப்படித்தானா?" என்று கேட்டார்.

"இல்ல சார்," என்றாள் புவனேஸ்வரி. "தெனம் பஸ்ஸு வர்றதுக்குள்ள சுத்திருவோம். இன்னைக்கு மழை. மழ பேஞ்சா இப்படித்தான் ஆவும்."

அவர் யோசித்தார். "மழைக்காலம் முழுக்க இப்படித் தூக்கிக்கினே நிப்பீங்களா? ரெகுலர் ரூட்டுன்னா நான் எழுதணும்மா. தடையில்லாத வழின்னு எழுதணும்."

நமச்சிவாயம் இடையில் வந்தார். "எழுதுங்க சார். நாங்க நடுவுல விரிக்கிறது ஆசைக்கா? ஓரத்துல இந்தக் கால்வா தொறந்து கெடக்குது, மூங்கில் காலு ஊனறதுக்கு எடமில்ல. இத மூடிட்டா சொவுத்தோரமாவே விரிச்சிக்கிறோம். பஸ்ஸு அதுபாட்டுக்குப் போவட்டும், பாவு அதுபாட்டுக்குக் காயட்டும்."

"கால்வா என் டிபார்ட்மென்ட் இல்லீங்களே பெரியவரே."

"அது என்னுது சார்," என்றாள் புவனேஸ்வரி. "மூடிக் குடுக்கறேன்."

அதிகாரி அவளையும், அவளுக்குப் பின்னால் வரிசையாகக் காலை அகட்டி நின்றவர்களையும் பார்த்தார். கிரேஸ் சொன்னாள்: "எழுதிருங்க சார், கை வலிக்குது." அவர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

வழித்தடம் நிரந்தரமானது. கால்வாய்க்குப் பலகைக்கல் போடும் வேலை மன்றத்தில் தீர்மானமாகி, இப்போது பாதித் தெருவரை முடிந்திருக்கிறது. முடிந்த பக்கம் பாவு சுவரோரமாகக் கல்லின்மேல் காய்கிறது, பஸ் அதை ஒட்டிப் போகிறது. முடியாத பக்கம், கஞ்சி காயாத காலைகளில், கம்பெனிப் பெண்கள் அட்டையை உள்ளே போட்டுக்கொண்டு ஆளுக்கொரு மூங்கிலைப் பிடிக்கிறார்கள். மீதிக் கற்கள் வண்டியில் வந்து இறங்கிவிட்டன. புவனேஸ்வரி காலையில் தறியில் உட்காருவதற்கு முன்னால் போய், கொத்தனார் எங்கே நிறுத்தினார் என்று பார்த்துவிட்டு வருகிறாள்.